கருப்பட்டி பார்க்கத் தெரிந்த கண்

எங்கள் பந்தல்குடிப் பக்கத்துப் பெண்கள் கருப்பட்டி வாங்குவதை ஒரு கலை என்றே சொல்ல வேண்டும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை அப்படியே பையில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். ஒரு வட்டை உடைக்கச் சொல்வார்கள். உடைந்த முகத்தில் சீனி மணி மின்னுகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு துணுக்கை நாவில் வைத்து, வெறும் இனிப்புத்தானா, பதநீரின் மணமும் மெல்லிய கரிப்பும் சேர்ந்து வருகிறதா என்று சோதிப்பார்கள். ஐயம் வந்துவிட்டால், "என்ன அண்ணாச்சி, சீனிப்பாகு ஊத்துன சரக்கா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார்கள். இத்தனை விழிப்புள்ள மக்கள் சாக்லேட் என்று வரும்போது மட்டும் பளபளப்பான தாளைப் பார்த்து ஏமாந்து போவது ஏன்? இந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

கல்லூரி மலரில் சாக்லேட்டைப் பற்றியா எழுதுவது என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால் நம் வட்டாரத்தில் வீட்டிலேயே பூரணம் வைத்த சாக்லேட் செய்து, பிறந்த நாளுக்கும் தீபாவளிக்கும் அக்கம்பக்கத்தில் விற்கும் பெண்கள் இன்று ஒருவர் இருவர் அல்லர். என் அக்காவும் அவர்களுள் ஒருத்தி. வானம் பார்த்த பூமியில், பருத்தியும் மிளகாயும் கைவிட்ட ஆண்டில், வீட்டுக்குள் இருந்தபடியே கிடைக்கும் சில நூறு ரூபாய் சிறு தொகை ஆகாது. அந்தத் தொழில் நிலைக்க வேண்டுமானால் வாங்கியவர் மறுபடியும் வாங்க வேண்டும். எனவே எந்தச் சாக்லேட்டை வாங்கி உருக்குவது என்பது வயிற்றுப் பாட்டோடு சேர்ந்த கேள்வியாகிவிடுகிறது.

சாக்லேட் நமக்கு முற்றிலும் அந்நியப் பொருள் என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் கொக்கோச் செடி முதன்முதல் நடப்பட்டது நம் குற்றாலத்தில்தான், ஆண்டு 1798. கிழக்கிந்தியக் கம்பெனியார் அதைக் கொண்டுவந்தனர். வணிகப் பயிராக அது வளர்ந்ததோ 1960-களுக்குப் பின்னர், கேரளத்திலும் கர்நாடகத்திலும். கர்நாடகத்தின் புத்தூரில் பாக்கு விவசாயிகளின் கூட்டுறவு நிறுவனமான காம்ப்கோ, 1986-இல் சாக்லேட் ஆலையையே தொடங்கியது. இன்று நம் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளிலும் கொக்கோ ஊடுபயிராக நிற்கிறது. பூரணம் வைத்த சாக்லேட்டை 1912-இல் பெல்ஜியம் நாட்டின் பிரசெல்ஸ் நகரில் ஜான் நியூஹவுஸ் என்பவர் உருவாக்கினார். மேலே மெல்லிய ஓடு, உள்ளே இனிப்பான பூரணம் என்னும் அந்த அமைப்பு கொழுக்கட்டையும் சோமாசியும் செய்து பழகிய நமக்குப் புதிதா என்ன?

சரி, நல்ல சாக்லேட் என்பது யாது? கொக்கோக் கொட்டையை வறுத்து அரைத்த விழுது, அதே கொட்டையிலிருந்து எடுத்த கொக்கோ வெண்ணெய், சர்க்கரை, வேண்டுமானால் பால்பொடி. அடிப்படை இவ்வளவுதான். இவற்றுள் விலை கூடியது கொக்கோ வெண்ணெய். அது ஏறத்தாழ 34 டிகிரி சென்டிகிரேடில் உருகும். நம் உடலின் வெப்பமோ 37 டிகிரி. ஆகவேதான் கையில் கட்டியாக இருப்பது நாவில் பட்டதும் கரைந்து ஓடுகிறது. நாம் சாக்லேட்டின் சுகம் என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த ஒரு குணத்தைச் சார்ந்தது.

பேக்கரிச் சாமான் விற்கும் கடைகளில் பெரிய பெரிய பாளங்களாகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி வேறு சரக்கு. அதற்குக் காம்பவுண்ட் என்று பெயர். அதில் கொக்கோத் தூள் இருக்கும்; கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பனைக்கொட்டை எண்ணெய் முதலிய தாவரக் கொழுப்பு இருக்கும். இங்கே பனை என்றது நம் பனைமரத்தை அன்று. மலேசியா, இந்தோனேசியா நாடுகளில் பயிராகும் எண்ணெய்ப்பனையை. காம்பவுண்ட் விஷம் அன்று. சட்டத்துக்குப் புறம்பானதும் அன்று. உருக்கி ஊற்றினால் தானே இறுகும், வெயிலையும் சற்றுத் தாங்கும். ஆயினும் அதைத் தின்று முடித்த பின் மேலண்ணத்தில் மெழுகு பூசியது போன்ற ஒரு படலம் நிற்கும். சீனிப்பாகு கலந்த கருப்பட்டியை நாவில் கண்டுபிடிக்கிறவர்கள் இதையும் நொடியில் கண்டுபிடிப்பார்கள். தேவை, சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் மட்டுமே.

நாவுக்கு முன்பே கண் உதவும். உறையின் பின்புறத்தில் உள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். சேர்மானங்களை எடை மிகுந்தது முதலில் வரும்படி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். கொக்கோ மாஸ், கொக்கோ பட்டர் என்ற சொற்கள் இருந்தால் நல்ல அடையாளம். வெஜிடபிள் ஃபேட் என்பது முன்வரிசையில் நின்று, கொக்கோ பட்டர் என்ற சொல்லே காணப்படாவிட்டால் அது காம்பவுண்ட். கொக்கோ வெண்ணெய் தவிர்த்த தாவரக் கொழுப்பு 5 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதைச் சாக்லேட் என்று விற்க நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. வெள்ளைச் சாக்லேட்டிலும் கொக்கோ வெண்ணெய் இருந்தாக வேண்டும். உறையே இல்லாமல் வெட்டி நிறுத்துக் கொடுக்கும் பாளத்தை வாங்காமலிருப்பதே நலம். எங்கள் தெருவில் ஒருவர் அவ்வாறு வாங்கிய பாளத்தில் சிக்கெண்ணெய் நாற்றம் அடித்தது. யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது எதிர்க்கட்சியின் வாதத்துக்கு வருவோம். "பந்தல்குடியில் ஐந்து ரூபாய்க்கு விற்கிற பண்டத்துக்கு அசல் சாக்லேட் எதற்கு? பிள்ளைகளுக்கு என்ன தெரியப் போகிறது?" என்கிறார்கள். 2024-ஆம் ஆண்டில் இந்த வாதம் இன்னும் வலுப்பெற்றது. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குன்றியதால் உலகச் சந்தையில் கொக்கோவின் விலை அவ்வாண்டு மார்ச்சில் டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. பெரிய பெரிய நிறுவனங்களே கொக்கோவைக் குறைக்க வழி தேடியபோது, அடுப்படியில் நிற்கும் ஒரு பெண் என்ன செய்வாள் என்று கேட்பதில் நியாயம் உண்டு.

ஆனாலும் இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியாது என்பது உண்மையானால், தெரியாதவர்களுக்கு மட்டமானதைக் கொடுக்கலாம் என்பது எந்த ஊர் நியாயம்? நாளெல்லாம் நல்ல பண்டம் தின்கிறவனுக்கு ஒரு நாள் குறைந்தால் நட்டமில்லை. ஆண்டுக்கு ஒரு முறை பிறந்த நாளன்று ஒரு சாக்லேட் தின்னும் பிள்ளைக்கு அந்த ஒன்று நல்லதாக இருக்க வேண்டாமா?

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அசல் சாக்லேட்டின் விலை காம்பவுண்டைப்போல் இரு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். முழுக் காம்பவுண்டில் 15 கிராம் மிட்டாய் ஒன்று வார்த்தால் ஆகும் செலவில் ஏழரை கிராம் அசல் சாக்லேட் வாங்கலாம். பூரணம் வைத்த மிட்டாயில் மேலோட்டுக்கு 6 கிராம் போதும். மீதி 9 கிராமும் பூரணம். அப்படியானால் ஒரு கிலோ சாக்லேட்டில் சுமார் 160 மிட்டாய்க்கு ஓடு வார்க்கலாம். மிச்சமாகும் ஒன்றரை கிராமின் விலை பூரணத்துக்கு ஆகிறது. பூரணமோ நம் கரிசலும் செவலும் தருகிற நிலக்கடலை. அத்துடன் சிறிது கருப்பட்டி. ஆக, சிக்கனம் செய்ய வேண்டிய இடம் ஓட்டின் கனமே தவிர ஓட்டின் தரம் ஆகாது. நாவில் முதலில் படுவது ஓடுதானே!

சிக்கனம் என்று எண்ணிச் சிலர் செய்யும் ஒரு காரியத்தை எச்சரிக்காமல் இருக்க முடியாது. பாதி அசல், பாதி காம்பவுண்ட் என்று கலந்து உருக்குகிறார்கள். பனைக்கொட்டைக் கொழுப்பும் கொக்கோ வெண்ணெயும் ஒன்றோடொன்று ஒத்துப் போகாதவை. கலந்தால் இரண்டைக் காட்டிலும் இளகலான ஒன்று கிடைக்கும். சில நாளில் மேலே வெள்ளை பூத்துவிடும். அசலுக்குக் கொடுத்த காசும் வீண். ஒன்றில் இதுவாக இருக்கட்டும், அல்லது அதுவாக இருக்கட்டும்.

அசல் சாக்லேட்டை உருக்குவதில் பதம் உண்டு. அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்கத் தெரிந்த கைக்கு இது எளிது. மூன்றில் இரண்டு பங்கை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் கட்டி தட்டிவிடும். பிறகு கீழே இறக்கி, மீதி ஒரு பங்கைச் சீவிப் போட்டு, கறுப்புச் சாக்லேட்டானால் 31, 32 டிகிரிக்கு ஆறும்வரை கிளற வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு துளியைக் கீழுதட்டில் தொட்டுப் பார்த்தால், சற்றுக் குளிர்ந்தாற்போல் இருக்க வேண்டும். இப்படிச் செய்தால்தான் ஓடு பளபளப்பாக இறுகி, உடைக்கும்போது "டக்" என்று ஒலிக்கும்.

பூரணத்திலும் கவனம் வேண்டும். பூஞ்சை பிடித்த, சுருங்கிய கடலையைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அதில் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சு இருக்கக்கூடும், வறுத்தாலும் அது முழுதும் போகாது. கருப்பட்டியைத் தண்ணீர் விட்டு இளகலாகக் காய்ச்சி வைத்தால் உள்ளே ஈரம் நின்று பூரணம் கெடும். பாகைக் கெட்டியாக முறுக்கி, கடலைத் தூளோடு பிசைந்து, நன்றாக ஆறிய பின்பே ஓட்டுக்குள் வைக்க வேண்டும். சூடாக வைத்தால் ஓடே கரைந்துவிடும்.

இன்னொன்று, காலம். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வீட்டுக்குள்ளேயே வெப்பம் 34 டிகிரியைத் தாண்டி நிற்கும். அப்போது அசல் சாக்லேட் தன் இயல்புப்படி உருகத்தான் செய்யும். கார்த்திகை முதல் தை முடிய, விடியற்காலையில் செய்யுங்கள். கோடையில் கடலை மிட்டாய் செய்யுங்கள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் நம் பக்கத்துப் பெருமைதானே! கோடையிலும் சாக்லேட் போன்றதொன்று வேண்டும் என்பவர்கள் காம்பவுண்டிலேயே செய்யட்டும். ஆனால் அப்படிச் சொல்லியே விற்கட்டும். அதில் இழிவு ஒன்றுமில்லை. ஒன்றைக் காட்டி வேறொன்றைக் கொடுப்பதில்தான் இழிவு இருக்கிறது.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் வீட்டில் ஆங்கில எழுத்துப் படிக்கத் தெரிந்த முதல் தலைமுறையினர். உறையின் பின்புறச் சிறு எழுத்தை நம் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அத்தைமாருக்கும் படித்துச் சொல்வது நம்மால் ஆகக்கூடிய காரியம். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாவும் கைப்பதமும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. நிறையச் செய்து மட்டமாக விற்பதைவிடக் குறைவாகச் செய்து நல்லதாக விற்பதே நிலைத்த வாணிபம். தம் பண்டத்தின் உள்ளே இருப்பது இன்னதென்று விற்பவர் வாய் திறந்து சொல்லத் துணியும் நாளில், பந்தல்குடிச் சாக்லேட்டுக்கும் ஒரு பெயர் வரும் என்பது என் உறுதியான நம்பிக்கை.