முதல் வில்லுக்கத்தியைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும்



இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்களுக்கு நீண்டகாலமாகப் பிறரே எல்லாவற்றையும் தெரிவு செய்து கொடுத்தனர். முகாமில் அரிசியும் பாயும் வாளியும், மீளக் குடியமர்ந்தபோது மண்வெட்டியும் விதையும் பொதியாகவே வந்தன. "உங்களுக்கு எது தேவை?" என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. பொதி வழங்கிய நானும் பல தடவைகள் கேட்கவில்லை. யுத்தம் 2009 இல் முடிந்தது. ஆனால் தருவதை வாங்கிக்கொள்ளும் பழக்கம் எம்மை விட்டு இன்னும் போகவில்லை. எமது பிள்ளைகளும் அதைப் பார்த்தே வளர்கிறார்கள்.

இதனை மாற்ற ஒரு சிறிய காரியத்தில் தொடங்கலாம். தோட்ட வேலைக்குக் கைகொடுக்கத் தொடங்கும் மகனோ மகளோ தனது முதல் வில்லுக்கத்தியைத் தானே தெரிவு செய்யட்டும்.

"பிள்ளையின் கையில் கத்தியா?" என்று தாய்மார் கேட்பது நியாயமே. சோதனைச் சாவடிகளில் பையைக் கொட்டிக் காட்டிய காலத்தை நாம் மறக்கவில்லை. ஆயினும் உரப்பையின் நூலை அறுக்கவும், தக்காளிச் செடிக்குக் கயிறு கட்டவும், ஒட்டுத்தடி சீவவும் இது வேண்டும். பாடசாலைக்கும் பேருந்துக்கும் திருவிழாவுக்கும் போகும்போது கத்தி வீட்டிலேயே இருக்க வேண்டும். இந்த ஒழுங்கை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பிரான்ஸ் நாட்டின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் என்பவர் 1890 இல் ஒரு மடக்குக் கத்தியைச் செய்தார். மரப்பிடியும் ஒரே அலகும் கொண்ட அந்த எளிய கத்தியை விவசாயிகள் விரும்பி வாங்கினர். அலகு தானாக மடிந்து விரலை வெட்டாதபடி பூட்டும் வளையம் 1955 இல் சேர்க்கப்பட்டது. பிள்ளைகளுக்கென முனை வட்டமான கத்தியும் அதே பெயரில் விற்கப்படுகிறது. அதைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. எளிமையும் பாதுகாப்பும் முதற் கத்திக்குப் போதும் என்பதே நமக்குப் பாடம்.

கடையில் பிள்ளைக்குச் சிலவற்றைக் காட்டிக் கொடுங்கள். கத்தியைத் திறந்து அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கட்டும், ஆடினால் வேண்டாம். மடித்தபின் முனை வெளியே தெரியக்கூடாது. நகத்தால் திறக்க முடியாத அளவு இறுக்கமும் ஆகாது. பிடி பிள்ளையின் கைக்கு அடங்க வேண்டும். பிடியின் முதுகிலுள்ள வில் அலகைத் தாங்குமே தவிரப் பூட்டாது. ஆகவே அதனால் குத்தவோ நெம்பவோ கூடாது. சாதாரண உருக்கு எளிதில் கூராகும், ஆனால் கறள் பிடிக்கும். மாங்காய் வெட்டினால் உடனே துடைத்து ஒரு துளி தேங்காயெண்ணெய் பூச வேண்டும். கறள் பிடியா உருக்கிற்கு இந்தப் பராமரிப்புக் குறைவு. முனை கூரானதென்றால் கல்லில் சற்றுத் தேய்த்து மழுக்கலாம்.

இவ்வளவையும் சொன்னபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். பிள்ளை பளபளக்கும் மலிவுக் கத்தி ஒன்றை எடுத்துப் பிழைவிட்டாலும் விடட்டும். அது ஆடத் தொடங்கும்போது ஏன் என்று தானே கண்டுபிடிக்கும். சில நூறு ரூபாவில் படிக்கும் இந்தப் பாடத்தை நாம் பெரியவர்களாகிய பின், காணியிலும் கடனிலும் அல்லவா படித்தோம்?

கத்தியைத் தானே தெரிந்த பிள்ளை நாளை விதையைத் தெரியும், பயிரைத் தெரியும். கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் திட்டத்தோடு வரும் அலுவலரிடம், "ஐயா, எங்களுக்கு இது வேண்டாம், அதுதான் தேவை" என்று மரியாதையோடு எழுந்து சொல்லும். அன்று என் போன்றவர்களும் கேட்கப் பழகியிருப்போம் என நம்புகிறேன்.