மரக்குதிரையும் மாத்தளை ரோட்டும்

போன லீவுக்கு ஊருக்கு வந்தபோது எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை. காரணம் ஒரு கார். எங்கள் செட்டில் ஒருத்தனுடைய அண்ணன் வைத்திருக்கும் தொண்ணூறுகளின் டொயோட்டா செலிக்கா. நாலு வட்ட லைட்டோடு முழித்துக்கொண்டு நிற்குமே, அந்த மொடல். அதன் முன் பம்பருக்குக் கீழே அண்ணன் புதுசாக ஒரு ஸ்ப்ளிற்றர் போட்டிருந்தார். ஊர் கராஜில் பைபரில் செய்தது, கறுப்புப் பெயின்ற். "எப்பிடிடா இருக்கு?" என்று கேட்டார். பாதிப் பேர் "செம அண்ணே" என்றோம். மீதிப் பேர் வாயை மூடிக்கொண்டோம். எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். திருகோணமலை வீதியில் ஏறுவதற்கு முன்னமே, சந்து முனையில் கானுக்கு மேல் போட்ட கொங்கிறீற் மூடியில் 'கர்ர்' என்று ஒரு சத்தம். மூடியிருந்த வாயெல்லாம் அப்போதுதான் திறந்தது.

ஒரு கட்சி சொன்னது: "காசுக்குப் பிடிச்ச கேடு." மற்றக் கட்சி சொன்னது: "இல்லடா, டவுன்ஃபோர்ஸ். வளைவுல கார் ரோட்ட அப்படியே புடிச்சுக்கும்." நாங்கள் ஆர்ட்ஸ் படிக்கிறவர்கள். பௌதிகம் ஓ லெவல் சயன்ஸோடு நின்றுபோனது. இருந்தாலும் உட்கார்ந்து தேடிப் படித்தோம், கணக்கும் போட்டுப் பார்த்தோம். இரண்டு கட்சியுமே பிழை என்பதுதான் இப்போது எங்கள் முடிவு.

முதலில் அந்தச் சாமான் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஓடுகிற காரின் மூக்கில் காற்று வந்து மோதித் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் அழுத்தம் கூடுகிறது. ஸ்ப்ளிற்றர் என்பது அந்த இடத்தில் கிடையாக நீட்டிய ஒரு பலகை. தேங்கிய காற்று பலகையை மேலிருந்து அமுக்கும். அடியில் நுழைகிற காற்று ஒடுங்கிய வழியில் வேகமாக ஓடுவதால் அங்கே அழுத்தம் குறையும். மேலே அமுக்கம், கீழே இழுவை. இரண்டும் சேர்ந்து முன் சக்கரங்களை ரோட்டோடு அழுத்தும். இதில் பொய் ஒன்றுமில்லை. ரேஸ் கார்களில் இது வேலை செய்கிறது.

ஆனால் இந்த விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே கூடும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. வேகம் பாதியானால் விசை கால்வாசி. அண்ணனின் பலகை ஏறக்குறைய 1.6 மீற்றர் அகலம், 5 சென்ரிமீற்றர் முன்னுக்கு நீட்டியிருக்கிறது. ஊர்ப்புறம் தாண்டிய வீதிகளில் காருக்கு அனுமதித்த வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் பலகையின் மேல் விழக்கூடிய காற்றழுத்தத்தைக் கணக்குப் பார்த்தால் இரண்டு கிலோவுக்கும் குறைவு. அடியில் நடப்பதையும் சேர்த்துத் தாராளமாக ஐந்து மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் ஒரு பத்துக் கிலோ அரிசிப் பை. கார் ஆயிரம் கிலோவுக்கு மேல். ரத்தோட்டை தாண்டி ரிவஸ்டனுக்கு ஏறும் வளைவுகளில் யாரும் 30க்கு மேல் ஓடுவதில்லை, ஓடவும் கூடாது. அங்கே பலகையின் மேல் விழுவது அரைக் கிலோ சீனிப் பாரம்கூட இல்லை. பின் சீட்டில் எங்களில் ஒருத்தர் ஏறி உட்கார்ந்தால் காருக்கு அதைவிட எவ்வளவோ கூடுதலாகத் தெரியும்.

உண்மையிலேயே வேகமாக ஓடுகிற இடத்தில் கதை வேறு. 1998இல் வெளிவந்த அவுடி டிடி பார்க்க அவ்வளவு வழுவழுப்பான கார். ஜெர்மனியின் அதிவேக வீதிகளில் அதன் பின்பக்கம் இலேசாகி, கட்டுப்பாடு இழந்து விபத்துகள் நடந்தன, உயிர்களும் போயின. பிறகு நிறுவனமே கார்களைத் திருப்பி அழைத்து, பின்னால் ஸ்பொய்லரும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடும் பொருத்திக் கொடுத்தது. இதில் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. காரின் முன்னும் பின்னும் தராசுத் தட்டுகள் மாதிரி. முன்னுக்கு மட்டும் அமுக்கத்தைக் கூட்டி, பின்பக்கத்தைச் சும்மா விட்டால், நல்ல வேகத்தில் வளைக்கும்போது பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வரலாம். பழைய காருக்கு முன் பலகை மட்டும் அடித்துவிட்டு "இனி சேஃப்" என்று நினைப்பது ஒற்றைத் தட்டில் பாரம் வைப்பது போலத்தான்.

அப்போ அண்ணன் செய்தது வீண் செலவா? அதையும் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசிமகத்துக்கு ஐந்து தேரும் வீதிக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தேர் என்றாலே முன்னுக்குப் பாய்கிற மரக்குதிரைகள் ஞாபகத்துக்கு வரும். அந்தக் குதிரைதான் தேரை இழுக்கிறது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லாது. இழுப்பது வடம் பிடித்த சனம். அதற்காக யாராவது "இது எதுக்கு வீணா?" என்று குதிரையைக் கழற்றச் சொன்னதுண்டா? தேருக்கு அது அழகு. செலிக்காவுக்கு ஸ்ப்ளிற்றரும் அப்படித்தான்.

அந்த அழகுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கையும் இருக்கிறது. அண்ணன் லயத்தில் பிறந்தவர். லொறி ஓடிச் சேர்த்த காசில், யாரோ கொட்டிலில் போட்டு வைத்திருந்த காரை வாங்கினார். 2020 மார்ச்சில் நாடு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் தலை சுற்றும். அவரைப் போன்றவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் முப்பது வருசம் பழசானதுதான். அதைக் கழுவி, டிங்கரிங் செய்து, பெயின்ற் அடித்து, மூக்குக்குக் கீழே ஒரு பலகையும் வைக்கும்போது அது அவருடைய கையால் மறுபடி பிறந்த கார். கொம்பனியே பொருத்தி அனுப்பிய ஸ்ப்ளிற்றரோடு ஒரு பெரிய இடத்துக் கார் வந்தால் "டிசைன்" என்கிறோம். ஊர் கராஜில் செய்தால் "ஷோ" என்கிறோம். இந்த இரட்டைக் கண் முதலில் எங்களிடமிருந்து போக வேண்டும்.

ஆனால் மரக்குதிரையை நிஜக் குதிரை என்று நம்பும்போதுதான் ஆபத்து. பலகை போட்டாச்சு, இனிக் கார் பறக்காது என்று நம்புகிற கால் அக்சிலேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தும். பலகை கொடுக்காத பிடிமானத்தை அந்த வளைவில் வேறு எது கொடுக்கும்? அந்தக் காசில் பாதியை நல்ல ரயருக்கும் பிரேக்குக்கும் போட்டிருந்தால் அது எந்த வேகத்திலும் வேலை செய்யும். வேகம் ஆசை என்றால் அதற்கென்று இடங்கள் இருக்கின்றன: களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்த ஓடுபாதை, நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி. அங்கேயும் ஆபத்து இல்லாமலில்லை. 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். போட்டிக்கென்றே ஒதுக்கிய இடத்திலேயே அந்தக் கதி என்றால், ஸ்கூல் விடுகிற நேரத்து ரத்தோட்டை ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ரோட்டை நினைத்துப் பாருங்கள். பல இடங்களில் நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் கான், மறுபக்கம் மண்மேடு. வெள்ளை யூனிஃபோம் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். வேலை விட்டு வரும் அக்காமார் விறகுக்கட்டோடு ஓரமாக நடப்பார்கள். ஸ்ப்ளிற்றரின் விளிம்பு நிற்பது சரியாக அவர்களுடைய கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையில். ஐக்கிய நாடுகள் சபையின் 26ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி, காரின் வெளிப்புறத்தில் ஆள் படக்கூடிய விளிம்புகளின் வளைவு ஆரை 2.5 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்கிறது. அதாவது கத்தி மாதிரி இருக்கக்கூடாது, மழுங்கி இருக்க வேண்டும். கராஜில் வெட்டிய பைபர்ப் பலகையின் விளிம்பைத் தடவிப் பார்த்தோம். விரலைக் கவனமாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பொருத்தியிருந்த விதம் இன்னும் மோசம்: பிளாஸ்டிக் பம்பரில் நேராகத் திருகிய ஆறு ஸ்குரூ. ஒரு குழியில் அடிபட்டு அது கழன்று முன் சக்கரத்துக்குள் போனால் என்ன ஆகும்?

இதற்கு அரசாங்கம் என்ன செய்யலாம்? 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' என்ற பெயரில் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகமாகப் பொருத்தியவற்றைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் இறங்கியது ஞாபகம் இருக்கும். ஆபத்தானதைக் கழற்றச் சொல்வது சரி. ஆனால் எது ஆபத்து, எது அலங்காரம் என்பதை ரோட்டில் நிற்கும் ஒருவரின் கண் தீர்மானிக்கக் கூடாது. சிங்களம் தடுமாறுகிற ஒரு மலையகப் பெடியன் அந்த இடத்தில் நின்று தன் பக்கத்தை எப்படி விளக்குவான்? ஜெர்மனியில் காரில் முக்கியமான மாற்றம் செய்தால் நிபுணர் பார்த்து அத்தாட்சி கொடுப்பார். அது வாகனப் பத்திரத்தில் ஏறும். அதன் பிறகு கேள்வி இல்லை. புகைப் பரிசோதனைக்கு வருசா வருசம் வரிசையில் நிற்கப் பழகிய நாடு இது. விளிம்பு எவ்வளவு மழுங்கியிருக்க வேண்டும், எவ்வளவு நீட்டலாம், எதில் பொருத்த வேண்டும் என்று மூன்று மொழியிலும் ஒரு பக்கத்தில் எழுதி, பார்த்து முத்திரை குத்திக் கொடுத்தால் போதும். கராஜ் பாஸ்மாருக்கும் அது தொழில் மரியாதை.

அதுவரைக்கும் நாங்களே செய்யக்கூடியது இருக்கிறது. அண்ணனோடு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். பலகையின் நீட்டை ஐந்திலிருந்து மூன்று சென்ரிமீற்றராகக் குறைத்தார். விளிம்பை அரத்தால் உருட்டி, சுற்றிவர ரப்பர் பட்டி ஒட்டினார். ஸ்குரூவைக் கழற்றிவிட்டு, அடிச்சட்டத்தில் பிராக்கெற் வைத்து நட்டு போல்ட்டால் இறுக்கினார். முன்னுக்கு இரண்டு தாங்குகம்பியும் போட்டார். "டவுன்ஃபோர்ஸ் கொறஞ்சிருமேடா" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "இருந்தாத்தானே அண்ணே குறையிறதுக்கு" என்றோம்.

சந்து முனையில் இப்போதும் இலேசாக உரசுகிறது. ஆனால் அந்த இடத்துக்கு வந்ததும் அண்ணன் ஃபெஸ்ற் கியருக்கு மாற்றி, நடக்கிற வேகத்தில் இறங்குகிறார். ஓரமாக நிற்கும் பிள்ளைகள் காரை வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்கள் வடிவாகப் பார்த்து முடிக்கும் வரைக்கும் கார் மெதுவாகத்தான் போகிறது.