கல்விப் பயணத்தின் கணக்கில் ஏறாத செலவு

பள்ளி விடுமுறை வந்தால் தமிழ்ப்பள்ளிகள், இளைஞர் மன்றங்கள், கல்லூரித் தமிழ்ச் சங்கங்கள் எனப் பல குழுக்கள் தமிழகத்துக்குக் கல்விப் பயணம் புறப்படுகின்றன. விமானக் கட்டணம், விசா, தங்குமிடம், சாப்பாடு என ஒவ்வொரு வெள்ளிக்கும் ஏற்பாட்டாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். அந்தப் பயணத்துக்கு இயற்கை கொடுக்கும் விலை மட்டும் பெரும்பாலும் கணக்கில் ஏறுவதில்லை.

அதை அளக்கவும் வழி உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் அவருடைய மாணவர் மத்தீஸ் வாக்கர்நாகலும் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘சூழலியல் காலடித் தடம்’ என்னும் அளவுமுறைதான் அது. மனிதர் உண்பதை விளைவிக்கவும், அவர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவை ஈர்த்துக்கொள்ளவும் எவ்வளவு நிலமும் கடலும் தேவை என்பதை இது ஹெக்டரில் சொல்கிறது. ஒரு ஹெக்டர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர். ரப்பரையும் செம்பனையையும் ஏக்கர் கணக்கில் பார்த்து வளர்ந்த தோட்டத்து மக்களுக்கு இந்த அளவு புதிதல்ல.

40 பேர், ஒரு வாரம்

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் போய்வர சுமார் 5,200 கிலோமீட்டர். சாதாரண வகுப்பில் ஒருவருக்குக் கிலோமீட்டருக்கு 80 கிராம் என்று வைத்தால், ஒரு மாணவரின் பங்கு ஏறத்தாழ 400 கிலோ கரியமில வாயு. 40 பேருக்கு 16 டன். ஒரு டன்னை ஓராண்டில் ஈர்த்துக்கொள்ள ஏறத்தாழ மூன்றில் ஒரு ஹெக்டர் காடு வேண்டும். அப்படியானால் இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் சுமார் 13 ஏக்கர் காடு ஓராண்டு முழுவதும் உழைக்க வேண்டும்.

சென்னை, தஞ்சாவூர், மதுரை என ஒரே பேருந்தில் 1,000 கிலோமீட்டர் சுற்றினாலும் செலவாகும் டீசல் 250 லிட்டர் அளவுதான். அது மொத்தக் குழுவுக்கும் முக்கால் டன்னைத் தாண்டாது. தண்ணீர் போத்தலைத் தவிர்ப்பதும், அறையில் குளிர்சாதனத்தை நிறுத்துவதும் நல்ல பழக்கங்களே. ஆனால் தடத்தின் பெரும்பகுதி விமானச் சீட்டு வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது.

யாரை நிறுத்துவது?

இந்தக் கணக்கைக் காட்டிப் பிள்ளைகளின் பயணத்தைத் தடுப்பது நியாயமாகாது. மலேசியாவில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 8 டன் அளவில் கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரு மாணவரின் விமானப் பங்கு அதில் இருபதில் ஒன்று. முதன்முறையாகக் கடப்பிதழ் எடுக்கும் தோட்டத்துப் பிள்ளையையும், ஆண்டுக்கு நான்கு முறை உல்லாசமாகப் பறப்பவரையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது.

ஏற்பாட்டாளர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவ்வளவு செலவுக்குப் பிள்ளைகள் எவ்வளவு கற்றுக்கொண்டு திரும்புகிறார்கள்? ஏழு நாள் பயணத்தை 14 நாளாக நீட்டினால் விமானத்தின் பங்கு நாளொன்றுக்குப் பாதியாகக் குறைகிறது. ஆண்டுதோறும் அவசரமாக ஓடுவதைவிட, இரண்டாண்டுக்கு ஒருமுறை நன்கு தயார் செய்து போவது மேல். பாதி நேரம் துணிக்கடைகளில் கழியுமானால், அதைக் கல்விப் பயணம் என்று சொல்வதில் பொருளில்லை.

வீட்டுக்கு அருகிலும் பாடம் இருக்கிறது. 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை எட்டிய கடாரம் இன்றைய கெடா. கோலாலம்பூரிலிருந்து லெம்பா பூஜாங் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு 40 பேர் பேருந்தில் போய்வந்தால், மொத்தக் குழுவுக்கும் அரை டன் அளவுதான் ஆகும். கடாரத்தை முதலில் பார்த்துவிட்டுத் தஞ்சைக்குப் போகும் மாணவர், அங்குள்ள கல்வெட்டில் அதே பெயரைக் காணும்போது அதன் பொருளை உணர்வார்.

அடுத்த பயணத்துக்கான பெற்றோர் கூட்டத்தில் கட்டண விவரத்தோடு இந்தக் கணக்கையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அந்தக் கணக்கை மாணவர்களையே போடச் சொன்னால், அவர்களின் கல்விப் பயணம் விமானம் ஏறுமுன்பே தொடங்கிவிடும்.