மழை இரவுக்கும் மருந்து வேண்டும்

எஹலியகொட மலைச்சரிவுகளுக்கு மழை புதிதல்ல. ஆயினும் 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகளை மூடியது போன்ற அழிவைக் கண்டவருக்கு மழைச் சத்தமே வேறு. கூரையில் துளி விழுந்ததும் நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் போகிறது, காரணமின்றிப் பிள்ளைக்கு அடி விழுகிறது. இது கோழைத்தனமல்ல, பேய்க்கோளாறுமல்ல. நெருக்கீட்டின் பின்வரும் மனவடு நோய். ஆபத்து நீங்கியதை உடல் இன்னும் நம்பவில்லை.

"மறந்துவிடு" என்பது மருந்தாகாது, சாராயமும் ஆகாது. பொங்கும் உணர்வை ஆற்றப் பழகலாம். ஆழிப்பேரலையின் பின், 2005இல் வடகிழக்கில் இந்நோய் கண்ட 31 பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்களே 6 அமர்வுகளில் சிகிச்சை அளித்தனர். ஒரு பிரிவினர் தம் கதையை முறையாகச் சொன்னார்கள். மற்றோர் தியானமும் உடல் தளர்த்தும் பயிற்சியும் செய்தார்கள். 6 மாதங்களின் பின் முதற் பிரிவில் 81 வீதமானோரும் மறுபிரிவில் 71 வீதமானோரும் தேறியிருந்தனர்.

எனவே பயம் எழும்போது பாதங்களை நிலத்தில் ஊன்றி, மூச்சை மெதுவாக வெளிவிடுங்கள். அடங்கியபின் நம்பிக்கையானவரிடம் பேசுங்கள். எவரையும் பேசும்படி வற்புறுத்தாதீர்கள். ஒரு மாதம் கடந்தும் தணியாவிடில் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

ஒன்று மறவாதீர்கள். மண்சரிவு எச்சரிக்கை உள்ள சரிவில் வாழ்பவரின் பயம் நோயல்ல, அறிவு. அவர் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டு இருக்கக்கூடாது. உடனே வெளியேற வேண்டும். அவருக்குத் தேவை பாதுகாப்பான காணி. காணியும் வீடும் உளவளத்துணையும் ஒன்றாகவே கிடைக்க வேண்டும். அதனைச் சேர்ந்து கேட்போம்.