முகாம் பையில் ஓர் இடுக்கி

பள்ளி விடுமுறை வந்தால் சாரணர் முகாம், மலையேற்றம் என்று பொருள் பட்டியல்களும் வரும். கைவிளக்கு, மழையங்கி, கொசுத் தைலம் எல்லாம் அதில் இருக்கும். கூர்முனை கொண்ட ஒரு சிறு இடுக்கி மட்டும் இருக்காது. அதையும் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். காரணம், உண்ணி.

மாணவர்களே, உண்ணி பூச்சி இனமல்ல, சிலந்தியின் உறவு. வளர்ந்ததற்கு எட்டுக் கால்கள். அது பறக்காது, தாவாது. புல் நுனியில் ஏறி, முன்னங்கால்களை நீட்டிக் காத்திருக்கும். நாம் வெளிவிடும் கரிவளியையும் உடல் சூட்டையும் அக்கால்களிலுள்ள உணர் உறுப்பு அறியும். உரசிச் செல்பவர்மேல் தொற்றிக்கொள்ளும். அதன் எச்சில் வலியை மறைப்பதால் கடித்ததே பலருக்குத் தெரியாது. ஆகவே கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், பாதையின் நடுவே நடங்கள். திரும்பியதும் அக்குள், முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம் ஆகியவற்றைப் பாருங்கள்.

கடித்துவிட்டால்? மண்ணெண்ணெய் ஊற்று, சுண்ணாம்பு தடவு, ஊதுபத்தியால் சுடு என்பார்கள். பெரியவர்கள் சொல்வதை மறுக்கத் தயக்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் மறுத்துவிடுங்கள். சூடுபட்டுத் தவிக்கும் உண்ணியின் வாய் அப்போதும் நம் தோலுக்குள்தான் இருக்கிறது. எச்சிலையும் வயிற்றிலுள்ளதையும் அது காயத்துக்குள் கக்கக்கூடும்; கிருமி இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், திருகாமல், சீராக மேல்நோக்கி இழுங்கள். பிறகு சவர்க்காரத்தால் கழுவுங்கள். காதுக்குள் புகுந்திருந்தால் மட்டும் இடுக்கி வேண்டாம், நேரே கிளினிக்தான்.

உண்ணியைவிடச் சிறிய உறவு ஒன்றும் நம் புதர்களில் உண்டு. சிற்றுண்ணி. அதன் லார்வா கடித்து வருவது ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல். ஒரு காலத்தில் உயிர்களைப் பறித்த நோய் இது. 1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில்தான் குளோராம்ஃபெனிக்கால் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து, அது குணமாக்குவதைக் கண்டார்கள். இன்று டாக்சிசைக்ளின் எளிதில் கிடைக்கிறது.

ஆனால் மருந்து இருந்தும் தாமதமானால் ஆபத்துதான். இக்காய்ச்சல் பெரும்பாலும் கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்தே வரும். அதற்குள் முகாமை மறந்திருப்போம். காய்ச்சல், தலைவலி, உடல்வலி என்று மட்டும் சொன்னால் மருத்துவர் முதலில் டிங்கியைத்தான் நினைப்பார். எந்தக் காட்டுக்கு, எந்தத் தேதியில் போனீர்கள் என்பதையும், உடலில் கருத்த பொருக்குப் புண் இருந்தால் அதையும், அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.