விளையாட்டில் விழும் மார்க்கு

பால் வெட்டக் கத்தி பிடித்த முதல் நாள் நம்மில் பலருக்கு மறந்திருக்காது. நல்ல மரத்திலா விட்டார்கள்? வெட்டித் தள்ளப் போகும் கிழட்டு மரத்தைக் காட்டி, "இதுல பழகு" என்றார்கள். கத்தி ஆழமாய் இறங்கி மரம் புண்ணானாலும் கங்காணியின் திட்டோடு போயிற்று.

இன்று அந்தக் கிழட்டு மரத்தின் வேலையைக் கணினி விளையாட்டு செய்கிறது. விமானம் ஓட்டுகிறவர், துறைமுகத்தில் பளுதூக்கி இயக்குகிறவர், அறுவை செய்யப் பழகும் டாக்டர் என்று பலரும் முதலில் திரையைப் பார்த்துத்தான் கை பழகுகிறார்கள்.

இதற்கு வயதும் ஆகிவிட்டது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தகப்பனாரின் ஆர்கன் வாத்தியப் பட்டறைத் துருத்திகளைக் கொண்டே 1929-இல் ஆடி அசையும் பொம்மை விமானம் ஒன்றைச் செய்தார். முதலில் அதை வாங்கியவர்கள் யார் தெரியுமா? கேளிக்கைப் பூங்காக்காரர்கள்! 1934-இல் இராணுவ விமானிகள் தபால் சுமந்து பறக்கப்போய், மோசமான வானிலையில் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். அப்புறம்தான் இராணுவம் ஆறு பொம்மை விமானங்களை வாங்கியது. உயிர் போனால்தானே மேலிடத்துக்குக் கண் திறக்கும்! இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஐந்து லட்சம் பேருக்கு மேல் அதில் பழகினார்கள். தரையில் இருந்தபடியே ஆயிரம் தடவை 'விழுந்து' எழுந்தார்கள், யாருக்கும் காயமில்லை.

இதை நாம் எதிர்க்கவில்லை. எதிர்த்தால் நம்மைப் போல் முட்டாள் யாருமில்லை.

ஆனால் 2018-இல் அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம், ஊழியர்கள் தலையில் மாட்டிப் பழகும் கண்ணாடிக் கருவிகள் 17,000-ஐத் தன் கடைகளுக்கு அனுப்புவதாக அறிவித்தது. மறு வருடமே அத்தகைய கருவி பதவி உயர்வுக்கு ஆள் பொறுக்கவும் வந்துவிட்டது. கோபத்தில் கத்தும் வாடிக்கையாளர், தாறுமாறாய்க் கிடக்கும் சரக்கு, சரியாய் வேலை செய்யாத ஊழியர், இவர்களையெல்லாம் கண்ணாடிக்குள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதும் ஓர் அளவுகோலாயிற்று.

இங்கேதான் நமக்கு உறுத்துகிறது. பழகும் இடத்தில் தப்புச் செய்யலாம் என்பதுதானே ஏற்பாடு? அந்தத் தப்பையே எழுதிவைத்து மார்க்குப் போட்டால் அது பழக்கமா, பரீட்சையா? இருபது வருடம் வேலை பார்த்தவர் அந்தக் கண்ணாடியை மாட்டியதும் தடுமாறுவார். கைப்பேசியிலேயே வளர்ந்த பையன் சட்டென்று ஜெயித்துவிடுவான். (வீட்டில் அவனைத் திட்டுகிற அம்மாமார்கள் கவனிக்கவும்!) அதனால் அவன் கெட்டிக்காரத் தொழிலாளி, இவர் உதவாக்கரை என்று ஆகிவிடுமா?

நம் பிள்ளைகள் இன்று தோட்டத்தை விட்டுத் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் போகிறார்கள். இப்படிப் பயிற்சி என்று கூப்பிட்டால் நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா? மார்க்கு யார் கைக்குப் போகிறது? அதை நாம் பார்க்கலாமா? தவறினால் மறுபடி உட்காரலாமா? பதில் வாயால் போதாது, எழுத்தில் வேண்டும். அதற்கு முன் எந்தத் தாளையாவது நீட்டினால், கையெழுத்துப் போடாமல் முதலில் சங்கக் கிளைச் செயலாளரிடம் காட்டச் சொல்லுங்கள்.