துட்டின் பிழையும் வரலாற்றின் பிழையும்

மட்டக்களப்பு வாவியின் கரையிலே அத்திவாரம் வெட்டும்போதோ வளவு கொத்தும்போதோ களிம்பேறிய செப்புக்காசு ஒன்று வெளிப்படுமாயின், முதலில் எழும் வினா “இது எக்காலத்தது?” என்பதன்று, “இதற்கு என்ன விலை?” என்பதே. எழுத்துப் பிழையுள்ள காசுக்கு விலை அதிகம் என்ற எண்ணமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. பிழை தேடுவதே நாணய ஆய்வு எனக் கருதுவோரும் உளர். இக்கருத்துத் தவறானது மட்டுமன்று. இப்பிரதேச வரலாற்றுக்கே கேடு விளைப்பது.

ஈண்டுப் பேசப்படுவன ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் காசுகள். ‘துட்டு’ என்னும் சொல்லே ஒல்லாந்த மொழியிலிருந்து தமிழுக்கு வந்ததாகும். புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றினர். 1795இல் அதனை ஆங்கிலேயரிடம் இழந்தனர். அவர்தம் ஆட்சியின் இறுதிக் காலத்தில், நெதர்லாந்திலிருந்து வந்த மெல்லிய துட்டுக்களோடு இலங்கையிலேயே அடிக்கப்பட்ட தடித்த ஸ்ரைவர்க் காசுகளும் வழங்கின. ஒருபுறம் கம்பனியின் கூட்டெழுத்து. அதன்மேல் காசு அடிக்கப்பட்ட ஊரைச் சுட்டும் ஓர் உரோம எழுத்து. மறுபுறம் பெறுமதியும் ஆண்டும். ‘சி’ கொழும்பையும், ‘ஜி’ காலியையும், ‘ஐ’ யாழ்ப்பாணத்தையும், ‘ரி’ திருகோணமலையையும் குறிப்பன.

இவ்வரிசையில் மட்டக்களப்புக்கு எழுத்தில்லை என்பது கவனிக்கத்தக்கது. இங்கு கிடைக்கும் ஒவ்வொரு ஸ்ரைவரும் வேறோர் ஊரில் அடிக்கப்பட்டு இங்கு வந்துசேர்ந்தது. எவ்வூர்ப் பணம் எக்கரையில் வழங்கியது என்பதற்கு அச்சிற்றெழுத்தே வாய்திறந்து கூறும் சாட்சி. அச்சாட்சியைப் பிழையாகக் கேட்பின் நேர்வது யாது?

அச்சு பெரிதாகவும் செப்புத்துண்டு சிறிதாகவும் இருப்பின், எழுத்தின் ஒரு பகுதி விளிம்புக்கு அப்பாற் போய்விடும். ‘ரி’யின் மேற்கோடு பதியாதொழியின் எஞ்சுவது ‘ஐ’. ‘ஜி’யின் உட்கோடு தேய்ந்துபோயின் எஞ்சுவது ‘சி’. திருகோணமலைக் காசு யாழ்ப்பாணத்ததாகிறது. காலிக் காசு கொழும்பினதாகிறது. ஒரு நூலிழைக் கோடு மறைந்தமையால் ஒரு வணிகப் பாதையே இடம்மாறிவிடுகிறது!

ஆகவே பிழையை இனங்காணுதல் வேண்டத்தக்கதே. ஆயின் அதற்கு முறையொன்று உண்டு. அச்சு வெட்டியவன் செய்த பிழை, அவ்வச்சினால் அடிக்கப்பட்ட காசுகள் அனைத்திலும் ஒரே இடத்தில் ஒரே வடிவில் தோன்றும். அடிக்கும்போது நேர்ந்த பிழை தனிக்காசோடு நின்றுவிடும். தேய்வும் உவர் அரிப்பும் பிழையே அல்ல. அவை காலத்தின் வேலை. எனவே ஒரு காசை மட்டும் கையில் வைத்துக்கொண்டு “அரிய பிழை” என முழங்குவது ஆய்வாகாது. மறுபுறத்து ஆண்டையும் நோக்கவேண்டும். 1782 ஜனவரியில் ஆங்கிலேயரும், அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரரும் திருகோணமலையைக் கைப்பற்றினர். 1783இல் அது ஒல்லாந்தர் வசம் இருக்கவில்லை. அவ்வாண்டு பொறித்த காசில் ‘ரி’ தெரிவதாகத் தோன்றின், எழுத்தையோ ஆண்டையோ மீண்டும் படிக்கவேண்டும். 1924இல் வெளியான எச். டபிள்யூ. கொட்றிங்ரனின் இலங்கை நாணயங்கள் பற்றிய நூலோடு ஒப்பிடும் பொறுமையும் தேவை.

சேகரிப்போர் இல்லையேல் இக்காசுகள் பித்தளைக் கடையில் உருகியிருக்குமே என்பர் சிலர். இக்கூற்றில் உண்மை உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி, கிடைத்த இடத்தை மறந்து, கைமாற்றி விற்கப்பட்ட காசு உருகாமல் இருந்தும் ஊமையாகிவிடுகிறது. துலக்கும் கையோடு அந்த மெல்லிய மேற்கோடும் போய்விடும். பின்னர் ‘ரி’யா ‘ஐ’யா என்று எவரிடம் கேட்பது? படுவான்கரையிற் கிடைத்ததா, எழுவான்கரையிற் கிடைத்ததா என்பது தெரியாத காசு இவ்வூருக்கு எதனைச் சொல்லும்? 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் புரட்டிப்போட்ட இக்கரைகளில், இடக்குறிப்பை இழந்தால் அதனை மீட்க வேறு வழியில்லை.

1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முந்திய பொருளைத் தொல்பொருளாகக் கொள்கிறது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம். இக்காசுகளும் அவ்வெல்லைக்குட் படுவனவே. எனினும் சட்டத்தின் அச்சத்தினால் மட்டும் இவை காப்பாற்றப்படா. காசு கிடைத்த ஊர், ஆழம், நிறை, இருபுறத் தோற்றம் ஆகியவற்றைத் துலக்குமுன் எழுதிவைக்கும் பதிவேடு ஒன்று ஊர்தோறும் எழவேண்டும். அறிவித்தவரைக் குற்றவாளியாக நோக்காது, உதவியாளராக மதிக்கும் மனம் அதிகாரிகளிடமும் வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் மேடைப் பேச்சோடு அமைந்துவிடாது இப்பணியை மேற்கொள்ளுமாயின் அது தமிழுக்குச் செய்யும் தொண்டேயாகும்.

துட்டில் உள்ள பிழை அச்சு வெட்டியவனோடு போயிற்று. அதனைப் பிழையாகப் படிக்கும் பிழையோ இனிவரும் தலைமுறையின் தலையில் ஏறும்.